எழுத்து முன்னே, தாலி பின்னே: மோர்டனில் சமயத் திருமணம்

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் 'எழுத்து' என்றொரு நாள் உண்டு. பதிவாளர் வருவார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கையெழுத்து வைப்பார்கள். வந்தவர்களுக்குப் பலகாரமும் தேத்தண்ணியும் கொடுப்பார்கள். தாலிகட்டு சில வாரம் கழித்தோ சில மாதம் கழித்தோ நடக்கும். எழுத்து முடிந்த பெண் அதுவரை தாய்வீட்டில்தான் இருப்பாள். சட்டத்தின் கணக்கில் அவள் அன்றே மனைவி. எழுத்து வேறு, தாலி வேறு என்பதை அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

லண்டனில் அந்த ஒழுங்கு பல வீடுகளில் குலைந்துவிட்டது. ஹோல் ஒரு வருடத்துக்கு முன்பே பிடிக்கப்படுகிறது. கூறைச்சேலைக்குச் சென்னைவரை போகிறார்கள். பொன்னுருக்குக்கு நாள் பார்க்கிறார்கள். பதிவு மட்டும் "பிறகு பாப்பம்" என்று தள்ளிப்போகிறது, சில வீடுகளில் நடக்காமலே போய்விடுகிறது.

தென்மேற்கு லண்டனில் மோர்டன், மிட்சம், கோலியர்ஸ் வூட், விம்பிள்டன் பக்கம் கோயிலிலோ மண்டபத்திலோ சமயத் திருமணம் நடத்த எண்ணுபவர்களுக்கான அத்தியாயம் இது. பதிவோடு நடத்துவது எப்படி, பதிவில்லாமல் நடத்த முடிவெடுத்தால் எந்தக் காகிதங்களை எழுதி வைப்பது என்ற இரண்டும் இதில் உண்டு.

சட்டம், சுருக்கமாக

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணத்தை ஆள்வது 1949-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம். இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் ஆகியோரிடம் அது முக்கியமாக மூன்றைக் கேட்கிறது: மணக்கப்போவதாகப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்த நோட்டீஸ், திருமணத்துக்கென்று பதிவுபெற்ற கட்டடம், பதிவாளர் அல்லது அங்கீகாரம் பெற்ற ஒருவரின் முன்னிலை. அம்மி மிதித்தாலும் அக்கினி வலம் வந்தாலும் இந்த மூன்றும் இல்லாத சடங்குக்குச் சட்டத்தில் எந்தப் பலனும் இல்லை. அப்படிச் சடங்கு நடத்துவதற்குத் தடையும் இல்லை. வயது வந்த இருவர், தாமே விரும்பி, பதிவில்லாமல் தாலி கட்டிக்கொள்வது குற்றமாகாது.

குழப்பம் வருவது நாட்டுக்கு நாடு கணக்கு மாறுவதால். தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்துக்கு 1967-இல் கொண்டுவந்த திருத்தப்படி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ அது திருமணம். சடங்கே நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொன்னது. இலங்கையில் பதிவு இல்லாத வழக்காற்றுத் திருமணங்களை நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. ரொறொன்ரோவிலோ, மாகாணத்தில் பதிவுபெற்ற குருக்கள் மண்டபத்திலேயே லைசென்ஸ் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சட்டப்படி முடித்துவைக்கலாம். இந்த மூன்று ஊர் அனுபவமும் மோர்டனில் செல்லாது. கனடா உறவினர் சொல்லும் 'மேரேஜ் லைசென்ஸ்' இருக்கும் இடத்தில் இங்கே இருப்பது நோட்டீஸ்.

இரண்டு தீர்ப்புகள்

1998 டிசம்பரில் சவுத்தாலில் ஓர் உணவகத்தில் ஒரு நிக்காஹ் நடந்தது. இமாம் இருந்தார், விருந்தினர் இருந்தார்கள். பதிவுத் திருமணமும் பின்னால் நடக்கும் என்பது பேச்சு. மனைவி பலமுறை கேட்டும் அது நடக்கவில்லை. நான்கு பிள்ளைகள் பிறந்தபின் பிரிவு வந்தது. 2018-இல் உயர் நீதிமன்றம் அதைச் 'செல்லாத திருமணம்' என்றது. அப்படி வகைப்படுத்தினால் சொத்தில் பங்கு கேட்க மனைவிக்கு வழி இருக்கும். ஆனால் 2020 பிப்ரவரி 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நடந்தது சட்டத்துக்கு உட்படாத சடங்கு, எனவே மணவிலக்கு நீதிமன்றம் பங்கு பிரிக்க அங்கே எதுவும் இல்லை என்று தீர்ப்பு வந்தது.

இந்துத் திருமணத்துக்கும் இதே கதிதான். லண்டன் உணவகம் ஒன்றில் பிராமணப் புரோகிதர் நடத்திவைத்த சடங்கை நம்பி, கணவர் இறந்தபின் அவர் சொத்தில் மனைவி என்ற முறையில் உரிமை கேட்டார் ஒரு பெண். அது திருமணமே அல்ல என்று நீதிபதி தள்ளிவிட்டார். 2002-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான வழக்கு அது.

எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். 1956-இல் பதிவில்லாத குருத்வாராவில் மணந்து 37 ஆண்டு சேர்ந்து வாழ்ந்த சீக்கியப் பெண்ணுக்கு, திருமணம் செல்லும் என்ற அனுமானத்தின்பேரில் விதவை ஓய்வூதியம் கிடைத்தது. கணவர் இறந்தபின் நீதிமன்றம்வரை போய் வாங்கிய உரிமை அது. அதை நம்பி யாரும் திட்டமிடக் கூடாது.

முதல் வழி: எழுத்து, பின் தாலி

மிகக் குறைந்த செலவிலும் சிக்கலில்லாமலும் முடிவது இந்த வழி. பதிவு அலுவலகத்தில் சுருக்கமாகக் கையெழுத்து. அதன்பின் விரும்பிய மண்டபத்தில், விரும்பிய முகூர்த்தத்தில், விரும்பிய குருக்களோடு தாலிகட்டு. பதிவுத் திருமணத்துக்குப் பின் சமயச் சடங்கு நடத்த 1949-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது.

1. எந்தக் கவுன்சில் என்று உறுதிசெய்யுங்கள். ஒவ்வொருவரும் தாம் வசிக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மோர்டன், மிட்சம், விம்பிள்டன் மெர்ட்டன் கவுன்சிலுக்குள் வரும். டூட்டிங் வான்ட்ஸ்வொர்த்தைச் சேர்ந்தது. நியூ மோல்டன் கிங்ஸ்டனைச் சேர்ந்தது. செயின்ட் ஹீலியர் குடியிருப்பு மெர்ட்டனிலும் சட்டனிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. கவுன்சில் வரி ரசீதை எந்தக் கவுன்சில் அனுப்புகிறதோ அதுவே விடை.

2. நோட்டீஸ் கொடுக்கும் முன் அந்தக் கவுன்சில் பகுதியில் ஏழு முழு நாள் வசித்திருங்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் இதை மறந்து நேரத்தை இழக்கிறார்கள்.

3. நேரம் பதிவுசெய்து நேரில் போங்கள். மெர்ட்டனின் பதிவு அலுவலகம் மோர்டன் பூங்காவில் உள்ள மோர்டன் பார்க் ஹவுஸ். 18-ஆம் நூற்றாண்டு மாளிகை அது. பெற்றோரோ தரகரோ ஒருவருக்காக நோட்டீஸ் கொடுக்க முடியாது.

4. காகிதங்களைச் சரிபாருங்கள். கடவுச்சீட்டு, முகவரிச் சான்று தேவை. முன்பு மணமானவர் என்றால் மணவிலக்கின் இறுதி உத்தரவு அல்லது துணைவரின் மரணச் சான்றிதழ் வேண்டும். தமிழில் உள்ள பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கட்டணம் பொதுவாக ஒருவருக்கு 42 பவுண். குடிவரவு நிலையைப் பொறுத்து 57 பவுண் ஆகலாம். நேரம் பதியும்போதே அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. 28 நாள் கணக்கிடுங்கள். நோட்டீஸ் கொடுத்த நாளைச் சேர்க்காமல் 28 முழு நாள் போக வேண்டும். மே 1 அன்று கொடுத்தால் மே 30 முதல் மணக்கலாம். இருவரும் வேறு வேறு நாளில் கொடுத்திருந்தால் பிந்திய நாளிலிருந்து எண்ண வேண்டும். நோட்டீஸ் 12 மாதம் செல்லும்.

6. இரண்டு சாட்சிகளோடு பதிவை முடியுங்கள். இந்த நிகழ்வில் தேவாரம், மந்திரம், விளக்கேற்றல் எதுவும் கூடாது. சமயச் சடங்குக்கு அங்கே தடை உண்டு.

7. கையெழுத்திடும் பத்திரத்தில் பெயர் எழுத்துக்கூட்டல், தந்தை தாய் பெயர் எல்லாம் சரியா என்று அங்கேயே பாருங்கள். 2021 மே 4 முதல் தாயின் பெயரும் பதிவில் இடம்பெறுகிறது. கையெழுத்திடும் முன் பிழையைத் திருத்துவது சுலபம்.

*குறிப்பு:* பிரித்தானிய அல்லது ஐரிஷ் குடியுரிமையோ, ஐரோப்பியக் குடியேற்றத் திட்டத் தகுதியோ இல்லாதவர் ஒருவர் இருந்தால், இருவரும் சேர்ந்து, அதற்கென்று நியமித்த பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். உள்துறை அமைச்சு விசாரிக்க முடிவெடுத்தால் 28 நாள் 70 நாளாக நீளும். இத்தகைய வீடுகளில் ஹோலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே நோட்டீஸைக் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாம் வழி: ஒரே நாளில் இரண்டும்

கோயில் திருமணத்துக்கென்று பதிவுபெற்றிருந்தால் தாலிகட்டும் எழுத்தும் ஒரே இடத்தில் முடியும். வழிபாட்டு இடமாகப் பதிவானது வேறு, திருமணத்துக்காகப் பதிவானது வேறு. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத கோயில்கள் உண்டு. கோயில் அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. இந்தக் கட்டடம் திருமணத்துக்காகப் பதிவானதா? பத்திரத்தைப் பார்க்கலாமா?
2. அங்கீகாரம் பெற்றவர் கோயிலில் யார்? அன்றைக்கு அவர் வருவாரா, அல்லது கவுன்சில் பதிவாளரை அழைக்க வேண்டுமா?
3. சட்டம் கேட்கும் உறுதிமொழிச் சொற்களை எந்தக் கட்டத்தில் சொல்ல வைப்பீர்கள்?

பதிலை மெர்ட்டன் பதிவு அலுவலகத்திலும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த வழியிலும் நோட்டீஸும் 28 நாளும் உண்டு. அங்கீகாரம் பெற்றவர் நடத்தினால், மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட்ட பத்திரம் 21 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் சான்றிதழ் எடுக்கலாம். யார் கொண்டுபோவது என்பதை முதல் நாளே ஒருவரிடம் ஒப்படையுங்கள். கலியாண மறுநாள் எல்லோரும் களைத்துக் கிடக்கும்போது தொலைந்துபோகும் முதல் உறை அதுதான்.

ஹோலில் நடத்துபவர்கள், அந்த ஹோல் பதிவுத் திருமணத்துக்கு அனுமதி பெற்றதா என்று கேட்கலாம். பெற்றிருந்தால் பதிவாளர் அங்கே வந்து பதிவை நடத்துவார். அது தாலிகட்டிலிருந்து தனியாக நடக்க வேண்டும். இடையே போதிய நேரம் விட்டு, முகூர்த்தத்தைக் குருக்களிடமும் நேரத்தைப் பதிவாளரிடமும் முன்னரே சொல்லிவையுங்கள்.

மூன்றாம் வழி: தாலி மட்டும்

பதிவில்லாமல் நடத்த விரும்புபவர்களுக்கும் காரணம் உண்டு. முதல் துணையை இழந்த முதியவர் இருவர், தத்தம் பிள்ளைகளின் சொத்தைக் குழப்பாமல், கோயிலில் மாலை மாற்றி ஒன்றாக வாழ நினைக்கலாம். முகூர்த்தம் முந்தி வந்து நோட்டீஸ் நாள் போதாமல் போகலாம். அந்த முடிவை இருவரும் தெரிந்து எடுத்திருக்க வேண்டும் என்பதே இங்கே முக்கியம். சவுத்தால் வழக்கில் நடந்ததுபோல ஒருவர் "பிறகு" என்று காத்திருக்க, மற்றவர் தேவையில்லை என்று இருந்தால், நட்டம் முழுதும் காத்திருப்பவருக்கே.

இந்த நாட்டில் 'பொதுச் சட்ட மனைவி' என்று ஒன்று கிடையாது. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் அந்த நிலை வராது. பின்வரும் காகிதங்களைத் தாலிகட்டுக்கு முன்பே ஒழுங்குசெய்யுங்கள்.

1. உயில் எழுதுங்கள். உயிலின்றி ஒருவர் இறந்தால், பிள்ளைகள் உள்ள இடத்திலும் சட்டப்படியான துணைவருக்கு முதல் 3,22,000 பவுணும் மீதியில் பாதியும் போகும். தாலி மட்டும் கட்டியவருக்கு அந்த விதியில் எதுவும் இல்லை. இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் பராமரிப்பு கேட்கலாம்; அது வழக்கு, செலவு, காலம். உயிலுக்குச் சாட்சியாகக் கையெழுத்திடும் இருவரும் அதில் பங்கு பெறாதவர்களாக இருக்கட்டும்.

2. வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். ஒருவர் பெயரில் வீடும் மற்றவர் சம்பளத்தில் கடன் தவணையும் போகும் வீடுகள் ஏராளம். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் நம்பிக்கைப் பத்திரத்தைச் சட்டத்தரணி மூலம் எழுதுங்கள்.

3. மரபுரிமை வரியைக் கணக்கிடுங்கள். சட்டப்படியான கணவன் மனைவிக்கிடையே போகும் சொத்துக்கு வரிவிலக்கு உண்டு. மற்றவர்களுக்கு 3,25,000 பவுணுக்கு மேல் வரி தொடங்கும். லண்டன் வீட்டு விலையில் அந்த எல்லை சீக்கிரம் எட்டிவிடும்.

4. வேலையிடத்து ஓய்வூதியப் படிவத்தில் துணைவர் பெயரை எழுதிக் கொடுங்கள்.

5. நிலைத்த அதிகாரப் பத்திரம் செய்யுங்கள். ஒருவர் நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும் நாளில் பணத்தையும் சிகிச்சையையும் பற்றி முடிவெடுக்க மற்றவருக்கு அதிகாரம் தருவது அந்தப் பத்திரம்.

6. பிள்ளை பிறந்தால் இருவரும் சேர்ந்து போய்ப் பிறப்பைப் பதியுங்கள். பதிவுக்கு 42 நாள் உண்டு. சட்டப்படி மணமாகாத தந்தை தனியாகப் போய்த் தன் பெயரைப் பதிய முடியாது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தால்தான் அவருக்குப் பெற்றோர் பொறுப்பு தானாக வரும்.

7. தாலிக்கொடி, சீதன நகை, அன்பளிப்புப் பணம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, ரசீதும் படமும் வைத்து, யாருடையது எது என்று இருவரும் கையெழுத்திடுங்கள்.

*குறிப்பு:* பின்னாளில் பதிவு செய்துகொண்டால், முன்பு எழுதிய உயில் அந்தப் பதிவோடு ரத்தாகிவிடும். இன்னாரை மணக்கப்போவதைக் கருத்தில் கொண்டு எழுதியது, அந்தத் திருமணத்தால் ரத்தாகக் கூடாது என்று உயிலிலேயே சொல்லியிருந்தால் அது நிற்கும். சட்டத்தரணியிடம் இந்த வரியைக் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

கோயில் கொடுக்கும் திருமணப் பத்திரத்தைச் சான்றிதழாக நினைப்பது முதல் பிழை. ஃபிரேம் போட்டு மாட்ட அது அழகானது. கடவுச்சீட்டில் பெயர் மாற்ற அது போதாது.

படிவங்களில் 'மணமானவர்' என்று எழுதுவது இரண்டாவது. தாலி மட்டும் கட்டியவர் விசா, வரி, வீட்டுக்கடன், காப்புறுதிப் படிவங்களில் 'சேர்ந்து வாழும் துணை' என்றே எழுத வேண்டும். மாற்றி எழுதுவது பொய்த் தகவல் ஆகிவிடும்.

மூன்றாவது, வருங்காலத் துணைவர் விசாவில் வந்தவருக்குத் தாலிகட்டு மட்டும் நடத்திவிட்டு இருந்துவிடுவது. அந்த விசா ஆறு மாதம். அதற்குள் சட்டப்படி மணந்திருக்க வேண்டும். கோயில் படங்களைக் காட்டி அதை நிறைவேற்ற முடியாது.

நான்காவது, ஊரில் கட்டிய தாலியையும் இங்கே கட்டிய தாலியையும் ஒன்றாக எண்ணுவது. திருநெல்வேலியிலோ நல்லூரிலோ அந்த நாட்டுச் சட்டப்படி நடந்த திருமணம் இங்கேயும் செல்லும். மறுபடி இங்கே பதிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்து, சான்றிதழைக் கையோடு கொண்டுவருவது நல்லது. முன்பு ஊரில் மணந்தவர் அந்தத் திருமணத்துக்கு மணவிலக்குப் பெறாமல் இங்கே இன்னொருவரோடு பதிந்தால் அது இருதார மணக் குற்றம். ஏழு வருடம்வரை சிறை உண்டு.

பாதுகாப்பு

பதிவில்லாத சடங்கு என்றால் சட்டம் எட்டிப் பார்க்காது என்று எண்ணுவது ஆபத்தானது. 2023 பிப்ரவரி 27 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமண வயது 18. பதினெட்டு ஆகாதவருக்குக் கோயிலிலோ வீட்டிலோ சமயச் சடங்கு நடத்த ஏற்பாடு செய்வதும் குற்றம்; மிரட்டல் இருந்ததா என்ற கேள்வியே அங்கே எழாது. கட்டாயத் திருமணத் தடைச் சட்டமும் சட்டப்படி செல்லாத சடங்குகளைச் சேர்த்தே பிடிக்கிறது. தண்டனை ஏழு வருடம்வரை.

குருக்களும் கோயில் நிர்வாகமும் சடங்குக்கு முன் இருவரின் பிறந்த தேதியையும் பார்ப்பதும், இருவரையும் பெற்றோர் இல்லாமல் தனித்தனியே ஒருமுறை சம்மதம் கேட்பதும் நல்ல வழக்கம். "இது சட்டப்படி திருமணம் ஆகாது, பதிவு தனியே செய்ய வேண்டும்" என்று பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் நேரே தமிழில் சொல்லட்டும். ஆங்கிலம் தெரியாமல் ஊரிலிருந்து வந்த மணமகளுக்கு இதை விளக்க அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். வற்புறுத்தலுக்கு ஆளானவர் அரசின் கட்டாயத் திருமணப் பிரிவை 020 7008 0151 என்ற எண்ணில் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 999.

சட்டம் மாறுமா?

கட்டடத்தைப் பார்க்காமல் நடத்துபவரைப் பார்க்கும் முறைக்கு மாறலாம் என்று சட்ட ஆணைக்குழு 2022 ஜூலையில் பரிந்துரைத்தது. அது சட்டமானால் அனுமதி பெற்ற குருக்கள் மண்டபத்திலேயே எழுத்தையும் முடித்துவைக்க வழி பிறக்கும். திருமணச் சட்டத்தைச் சீர்திருத்தப் போவதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. அறிவிப்பை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். சடங்கு நடக்கும் நாளில் எது சட்டமோ அதுவே பொருந்தும்.

கலியாண நாட்காட்டி

- ஆறு மாதம் முன்: எந்த வழி என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். கோயிலிடம் மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.
- நான்கு மாதம் முன்: நோட்டீஸ் கொடுங்கள். விசா சிக்கல் இருந்தால் இன்னும் முன்னே.
- இரண்டு மாதம் முன்: எழுத்து. உயிலையும் பத்திரங்களையும் இதே மாதத்தில் முடியுங்கள்.
- ஒரு மாதம் முன்: சான்றிதழின் பிரதிகளை எடுத்து, ஒன்றைப் பெண் வீட்டிலும் ஒன்றை மாப்பிள்ளை வீட்டிலும் வையுங்கள்.
- பொன்னுருக்கு நாள்: நகைப் பட்டியலில் கையெழுத்து.
- தாலிகட்டு நாள்: கோயிலிலேயே பதிவும் நடந்தால், கையெழுத்திட்ட பத்திரம் எந்தப் பையில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று மண்டபத்தை விட்டுப் புறப்படும் முன் ஒருமுறை கேளுங்கள்.